பாலைவனம் ஏன் எழும்பியது? – நிலத்தடிக் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கரியமில வாயுவைப் பூமிக்குள் செலுத்திச் சேமிப்பது பற்றி எழுதியிருந்தேன். அல்ஜீரியாவில் அப்படிச் செலுத்திய இடத்தில் நிலம் சற்றே எழும்பியது என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. எனவே இந்த முறை பத்தி முழுவதும் அதற்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், தெளிவாகக் கேட்டவருடையதை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பாறை என்றால் கெட்டியான கல். அதற்குள் லட்சக்கணக்கான டன் வாயுவை எங்கே வைக்கிறார்கள்? உள்ளே குகை இருக்கிறதா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

குகை இல்லை. பத்திரிகைகளில் வரும் விளக்கப்படங்களில் நிலத்துக்கடியில் நீல நிறத்தில் ஓர் ஏரியை வரைந்து வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். துளையிடும் தளங்களில் வேலை பார்த்த காலத்தில், ஆழத்திலிருந்து எடுத்த மணற்பாறை உருளைகளைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அதே உருளையைக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண் முன்னாலேயே உறிஞ்சிவிடும். மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியதுதான் மணற்பாறை. துகள்களுக்கு நடுவே மொத்தக் கன அளவில் நூற்றுக்குப் பத்து, இருபது பங்கு இடைவெளி இருக்கும். சேமிப்பு நடப்பது அந்த இடைவெளிகளில்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இடைவெளி காலியாக இல்லை. பல கோடி ஆண்டுகளாக அதில் உப்புநீர் நிறைந்திருக்கிறது. புதிதாக ஒன்றைச் செலுத்தினால் பழையது விலக வேண்டும், அல்லது அமுங்க வேண்டும், அல்லது பாறையே கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்க வேண்டும். நடைமுறையில் மூன்றும் நடக்கும். எது எவ்வளவு நடக்கும் என்பது பாறையைப் பொறுத்தது. இன்றைய கேள்விகள் அத்தனையும் அந்த மூன்றாவது வழியிலிருந்து கிளம்புகின்றன.

இன்னொன்று. 800 மீட்டருக்கும் கீழே போனால் அங்குள்ள அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரியமில வாயு காற்றைப் போல இருப்பதில்லை. நெருக்கி அடைபட்டு, திரவத்தின் அடர்த்திக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் லட்சக்கணக்கான டன் அங்கே அடங்குகிறது.

கேள்வி: நிலம் எழும்பியது என்று எழுதினீர்கள். எவ்வளவு எழும்பியது? யார் அளந்தார்கள்? சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பது தரையில் எப்படித் தெரியும்? என் பணிக்காலம் முழுவதும் மட்டக்கோலும் கருவியுமாக அலைந்தவன் நான். சென்டிமீட்டர் கணக்கில் ஒரு பாலைவனத்தை அளந்தார்கள் என்றால் நம்ப முடியவில்லை.
– ஓய்வுபெற்ற நில அளவையர், திருவாரூர்

அளவையர் கேட்டால் அளவோடுதான் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடம், மத்திய அல்ஜீரியாவில் சஹாராவுக்குள் இருக்கும் இன் சாலா. அங்கே கிரெச்பா என்ற எரிவாயு வயல். பிபி, அல்ஜீரிய அரசு நிறுவனமான சோனாட்ராக், நார்வேயின் ஸ்டாட்டாயில் மூன்றும் சேர்ந்து நடத்தின. அங்கே கிடைக்கும் எரிவாயுவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை கரியமில வாயு கலந்திருந்தது. விற்க வேண்டுமானால் அதை 0.3 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். பிரித்தெடுத்ததை வழக்கம்போல வானத்தில் விட்டுவிடாமல், 2004-ஆம் ஆண்டிலிருந்து அதே மணற்பாறை அடுக்கின் நீர் நிறைந்த ஓரப்பகுதியில் மூன்று கிணறுகள் வழியாகச் செலுத்தினார்கள். கிணறுகள் கீழே போய்ப் பக்கவாட்டில் திரும்பி, பாறைக்குள் கிடையாக நீளமாக ஓடும். அடுக்கின் ஆழம் ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர். தடிமன் 20 மீட்டர்தான். அதற்கு மேலே சுமார் 900 மீட்டர் தடிமனுக்குச் சேற்றுப்பாறை மூடி போலக் கிடக்கிறது. 2011-இல் நிறுத்தும்போது உள்ளே போயிருந்தது ஏறக்குறைய 38 லட்சம் டன்.

மட்டக்கோலோடு யாரும் போகவில்லை. ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள் 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 35 நாளுக்கு ஒரு முறை அதே இடத்தின் மேலே வந்து ரேடார் அலையை அனுப்பி எதிரொலியை வாங்கிக்கொண்டது. அந்த அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர். போன முறை அலை திரும்பி வந்த நிலைக்கும் இந்த முறை வந்த நிலைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்தால், அலை நீளத்தில் சிறு பின்னம் அளவுக்குத் தரை நகர்ந்திருந்தாலும் பிடித்துவிடலாம். பல படங்களை வரிசையாகச் சேர்த்துக் கணக்கிட்டால் மில்லிமீட்டரில் பேசலாம். மரமும் பயிரும் இல்லாத கல்லுத்தரை என்பதால் எதிரொலி கலையவே இல்லை. இந்த முறைக்கு சஹாராவை விடத் தோதான இடம் கிடையாது. கண்டது இது: மூன்று கிணறுகளின் மேலேயும், பல கிலோமீட்டர் அகலத்துக்கு, நிலம் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வீதம் எழும்பிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் மொத்தம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். எரிவாயுவை வெளியே எடுத்துக்கொண்டிருந்த நடுப்பகுதியிலோ தரை மெல்ல இறங்கியது.

இப்போது ஏன் என்பதற்கு வருகிறேன். 1.9 கிலோமீட்டர் ஆழத்தில் மேலேயுள்ள பாறையின் சுமை, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 450 கிலோ. இந்தச் சுமை முழுவதையும் மணல் துகள்கள் தாங்குவதில்லை. துளைகளில் இருக்கும் நீரும் சுமார் 190 கிலோவைத் தாங்குகிறது. மீதி 260 கிலோதான் துகளுக்குத் துகள் அழுத்துவது. கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் 1920-களில் மண்ணுக்குச் சொன்ன கணக்கு இது. பாறைக்கும் செல்லும். கிணற்றின் வழியாகச் செலுத்தித் துளை அழுத்தத்தை இன்னும் 100 கிலோ கூட்டினால், துகள்கள் சுமப்பது 160 ஆகக் குறையும். அழுத்தம் தளர்ந்த பாறை விரியும். அந்த வகை மணற்பாறை 100 கிலோ தளர்வுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு தடிக்கும். 20 மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு எவ்வளவு? 2 சென்டிமீட்டர். பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் விரிவு முழுவதும் மேல்நோக்கித்தான் போகும். மேலே இருக்கும் 1.9 கிலோமீட்டர் பாறையும் சேர்ந்து தூக்கப்படும். நுணுக்கமான கணினி மாதிரிகளும் இந்தத் தாள் கணக்குக்கு வெகு தூரம் போய்விடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஆனால் 502 என்று எண்ணிட்ட கிணற்றின் மேலே மட்டும் கணக்கு பிசகியது. மற்ற இரண்டு இடங்களிலும் ஒரே மேடு. இங்கே இரட்டை மேடு, நடுவே ஒரு பள்ளக் கோடு. கிடையாகக் கிடக்கும் அடுக்கு மட்டும் உப்பினால் இப்படி வராது. செங்குத்தான ஒரு விரிசல் வாய் திறந்து பாறையை இரு பக்கமும் தள்ளினால் தரையில் இரண்டு மேடுகள் வரும், விரிசலுக்கு நேர் மேலே சற்று அமுங்கும். ஆக, செலுத்தும் அழுத்தம் அடுக்கோடு நிற்காமல், மேலேயுள்ள மூடிப்பாறையின் கீழ்ப்பகுதி வரை ஒரு பிளவை விரித்திருக்கிறது என்று ஊகித்தார்கள். 2009-இல் நில அதிர்வு அலைகளைக் கொண்டு எடுத்த முப்பரிமாணப் படத்தில், அடுக்குக்கு மேலே, அதே திசையில் ஒரு கோடு தெரிந்தது. 2 கிலோமீட்டர் ஆழத்தில் விரிந்த ஒரு பிளவின் திசையை விண்வெளியிலிருந்து முதலில் ஊகித்து, பிறகு தரையில் உறுதி செய்தார்கள். அளவையர் ஐயா, உங்கள் மட்டக்கோலின் பேரப்பிள்ளைதான் அந்த ரேடார்.

மூடிப்பாறையின் மேல்பகுதி தாங்கியது. பாறை வழியாக வாயு தரைக்குக் கசியவில்லை. தரைக்கு எட்டிய ஒரே கசிவு வேறு வழியில் வந்தது. பக்கத்திலிருந்த, சரியாக மூடப்படாத பழைய ஆய்வுக்கிணறு ஒன்றின் தலைப்பில் 2007-இல் கொஞ்சம் கரியமில வாயு எட்டிப்பார்த்தது. பிறகு அதை அடைத்தார்கள். பாறையைவிட மனிதன் போட்ட துளையைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும் என்பது துளையிடும் தளத்தில் எல்லோரும் அறிந்தது.

இன் சாலா தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீர் எளிதில் ஊடுருவ முடியாத இறுக்கமான பாறையில், அது விழுங்கக்கூடிய வேகத்தைவிட அதிகமாகச் செலுத்தினார்கள். பாறை அதைத் தரை வரை எழுதிக் காட்டியது. அதைப் படித்துப் பார்த்தவர்கள் செலுத்துவதைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள்.

கேள்வி: எங்கள் டெல்டாவில் யாராவது இப்படிச் செய்தால் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்குமா?
– விவசாயி, மன்னார்குடி

சஹாராவைப் போலக் காட்டாது. நாற்று, தண்ணீர், அறுவடை என்று வயலின் முகம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. 5.6 சென்டிமீட்டர் அலை நெற்பயிரின் இலையிலேயே சிதறிவிடும். போன படத்தோடு இந்தப் படம் பொருந்தாது. ஆனால் டெல்டாவில் பாலங்கள் உண்டு, மாடி வீடுகள் உண்டு, கோபுரங்கள் உண்டு. இவை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி எதிரொலிக்கும். அவற்றைப் புள்ளிகளாக வைத்துக் கணக்கெடுக்கலாம். புள்ளிகள் போதாத இடத்தில் உலோகத் தகட்டாலான மூலைப் பிரதிபலிப்பான்களை நட்டு வைப்பார்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து ஏவிய நிசார் செயற்கைக்கோளில் 24 சென்டிமீட்டர் அலையும் இருக்கிறது. நீண்ட அலை என்பதால் பயிரை ஊடுருவித் தரையைத் தொடும் வாய்ப்பு கூடுதல். 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்கு வரும்.

இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. நிலத்தடி நீரை இறைப்பதாலும், ஆற்றுப்படிவக் களிமண் தன் எடையாலேயே இறுகுவதாலும் நிலம் தானாகவே இறங்கும். அதற்கு நடுவே 5 மில்லிமீட்டர் ஏற்றத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமானால், எதுவும் செலுத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அளவெடுத்து வைத்திருக்க வேண்டும். எந்த ஊரில் யார் எதைச் செலுத்த வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தொடங்குவதற்கு முந்தைய அளவுகள் எங்கே?" என்பதுதான்.

கேள்வி: தண்ணீரைச் செலுத்தினால் நிலநடுக்கம் வரும் என்கிறார்கள். தண்ணீருக்கு அவ்வளவு பலமா? பிளவில் எண்ணெய் போட்டது போல வழுக்கிவிடுமா?
– பள்ளி ஆசிரியர், பாளையங்கோட்டை

வழுக்குவது இல்லை. ஆழத்தில் பிளவுகள் முன்பே ஈரமாகத்தான் இருக்கின்றன. நடப்பது வேறு.

வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரை ஈரமான சமையல் மேடையில் கவிழ்த்து வைத்திருப்பீர்கள். யாரும் தொடாமலேயே அது மெல்ல நகர்ந்து போகும். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிந்து, டம்ளரின் எடையில் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்கிறது. விளிம்பு மேடையை அழுத்துவது குறைகிறது, அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும், இம்மியளவு சரிவே அதை நகர்த்தப் போதுமானது. அமெரிக்கர்களான ஹப்பர்ட்டும் ரூபியும் 1959-இல் இதையே ஒரு காலி பீர் டப்பாவையும் கண்ணாடிப் பலகையையும் வைத்து எழுதிக் காட்டினார்கள். மலை அளவு பாறைத் தகடுகள் எப்படிக் கிலோமீட்டர் கணக்கில் நகர முடிந்தது என்பது அவர்களின் கேள்வி. பிளவின் இரு முகங்களும் மேலேயுள்ள சுமையால் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே துளை அழுத்தம் ஏறினால் பிடி தளரும். ஏற்கெனவே நகரத் துடித்துக்கொண்டிருந்த பிளவு நகர்ந்துவிடும். நாம் செலுத்தும் திரவம் நிலநடுக்கத்துக்கான சக்தியைக் கொடுப்பதில்லை. பூமி சேர்த்து வைத்த சக்தியை அவிழ்த்துவிடுகிறது.

இது தெரியவந்த கதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரில் நடந்தது. அங்கே இருந்த ராணுவ ரசாயன ஆலை தன் கழிவுநீரை 3,671 மீட்டர் ஆழமுள்ள கிணற்றில் 1962 மார்ச்சிலிருந்து செலுத்தியது. சில வாரங்களில் ஊர் ஆடத் தொடங்கியது. டேவிட் எவன்ஸ் என்ற நிலவியலாளர் 1965-இல் இரண்டு வரைபடங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார். மாதந்தோறும் செலுத்திய அளவு ஒன்று, மாதந்தோறும் வந்த நடுக்கங்களின் எண்ணிக்கை மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. 1966 பிப்ரவரியில் செலுத்துவதை நிறுத்தினார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய நடுக்கம், 5-ஐ ஒட்டிய அளவில், 1967-இல் வந்தது! ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கிணற்று வாயை மூடினால் உள்ளே ஏறிய அழுத்தம் மறைந்துவிடாது. பாறைக்குள் ஊர்ந்து பரவிக்கொண்டே இருக்கும். கிணற்றுக்குப் பக்கத்தில் குறையும்போது தொலைவில் ஏறும். அங்கே ஒரு பிளவு காத்திருந்தால் அதை அப்போதுதான் எட்டும்.

அதே கொலராடோவில் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1969 முதல் 1973 வரை வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தது. பாறையின் வலிமையை ஆய்வகத்தில் அளந்து, அங்குள்ள பிளவு நகரத் துளை அழுத்தம் சுமார் 257 பார் (ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ) வேண்டும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். அதற்கு மேலே ஏற்றினால் நடுக்கம் வந்தது, கீழே இறக்கினால் அடங்கியது. விளக்கு ஸ்விட்சைப் போல நிலநடுக்கத்தைப் போட்டு அணைத்தவர்கள் அவர்கள்தான்.

ஆனால் எல்லாப் பிளவுகளும் வரைபடத்தில் இருப்பதில்லை. 2006 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அடியில், புவிவெப்ப மின்சாரத்துக்காக 5 கிலோமீட்டர் ஆழத்தில் சுமார் 1.15 கோடி லிட்டர் தண்ணீரைச் செலுத்தினார்கள். நடுக்கங்கள் கூடுவதைக் கண்டு நிறுத்தினார்கள். நிறுத்திய சில மணி நேரத்தில் 3.4 அளவில் ஒன்று வந்தது. ஆள்சேதம் இல்லை, சுவர்களில் விரிசல் விழுந்தது. அந்தத் திட்டம் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஓக்லஹோமாவில் எண்ணெயோடு வரும் உப்புநீரை அடிப்பாறையை ஒட்டிய அடுக்கில் ஆண்டுக்கணக்கில் கொட்டினார்கள். 2016 செப்டம்பரில் பானியில் வந்த நடுக்கத்தின் அளவு 5.8. அடியிலுள்ள பழைய படிகப்பாறைதான் பிளவுகளின் இருப்பிடம். அதன் தலையிலேயே அழுத்தத்தை ஏற்றியது பெரிய அவசரம்.

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையைப் பற்றியும் இவர் கேட்டிருக்கிறார். அங்கே யாரும் எதையும் செலுத்தவில்லை. ஆனால் நீர்த்தேக்கம் நிரம்பிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 10 அன்று 6.3 அளவு நிலநடுக்கம் வந்தது. தேங்கிய நீரின் எடை ஒரு பக்கம், அடியில் ஊர்ந்து ஏறிய துளை அழுத்தம் மறுபக்கம். குடும்பம் ஒன்றுதான், கிளை வேறு.

கேள்வி: நார்வேக்காரர்கள் மட்டும் 1996 முதல் சத்தமில்லாமல் செலுத்திக்கொண்டிருக்கிறார்களே, எப்படி?
– பொறியாளர், சென்னை

பாறையின் அதிர்ஷ்டம். வட கடலுக்கு அடியில் ஸ்லெய்ப்னர் வயலில் அவர்கள் தேர்ந்த உத்சிரா மணலடுக்கு 200 மீட்டருக்கும் மேல் தடிமன், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம். நீர் ஊடுருவும் திறன் இன் சாலாவைப் போல நூறு மடங்குக்கு மேல். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னை ஒட்டிச் செலுத்தியும் அழுத்தம் ஏறியதே தெரியவில்லை. பழைய நீர் விலகிக்கொள்ள அவ்வளவு இடம்.

ஆனால் அதே நார்வே 2008-இல் வடக்கே ஸ்னோவிட் வயலில் தொடங்கியபோது கதை வேறு. 2,600 மீட்டர் ஆழத்தில் டுபோயன் என்ற அடுக்கு. காகிதத்தில் தாராளமாக இடம் இருந்தது. உண்மையில் அந்த மணற்பாறை பல அறைகளாகப் பிரிந்து கிடந்தது. அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறி, பாறை விரிசல் விடும் எல்லையை நெருங்கியது. அவர்கள் அடம் பிடிக்கவில்லை. 2011-இல் அதே கிணற்றில் மேலேயுள்ள ஸ்டோ அடுக்கைத் திறந்து அங்கே செலுத்தத் தொடங்கினார்கள்.

"இந்த அடுக்கில் இத்தனை கோடி டன் கொள்ளும்" என்று அறிக்கைகளில் வரும் எண்ணை நான் நம்புவதில்லை. துளைகளின் கன அளவு அது, அவ்வளவுதான். ஆண்டுக்கு எவ்வளவு, எந்த அழுத்தத்தில், பக்கத்துப் பிளவு எவ்வளவு தொலைவில், விலகும் நீர் எங்கே போகும் என்ற கேள்விகளுக்குப் பதில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

கேள்வி: விசாகப்பட்டினத்தில் நம் நாடும் கச்சா எண்ணெயைப் பாறைக்குள் வைத்திருக்கிறதே, அங்கே நிலம் எழும்பாதா?
– வாசகர், நெல்லூர்

எழும்பாது. அது வேறு விஷயம். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடங்களிலும் இருப்பவை உண்மையாகவே குடைந்த குகைகள் (மாணவி கவனிக்க). மூன்றும் சேர்ந்து 53.3 லட்சம் டன் கொள்ளும். அங்கே எண்ணெயைப் பாறைத் துளைக்குள் திணிப்பதில்லை. சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தம் குகைக்குள் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும்படி, மேலே சிறு சுரங்கங்களில் நீர்த்திரை அமைத்துக் காக்கிறார்கள். நீர்தான் உள்நோக்கிக் கசியும், எண்ணெய் வெளியே போகாது.

கேள்வி: ஸ்பெயினில் கடலுக்கடியில் எரிவாயு சேமிக்கப் போய் நிலநடுக்கம் வந்து மூடினார்கள் என்று படித்தேன். டென்வரிலேயே தெரிந்த பாடம். 2013-இல் மறந்துவிட்டார்களா? உங்கள் தொழில்காரர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.
– வங்கி ஊழியர், மதுரை

கோபம் நியாயமானது. வலென்சியா கடற்கரைக்கு அப்பால் இருந்த காஸ்டோர் திட்டம் அது. தீர்ந்துபோன எண்ணெய் வயலில் எரிவாயுவைச் சேமிக்கும் யோசனை. எண்ணெய் கோடிக்கணக்கான ஆண்டுகள் கசியாமல் இருந்த பாறைதான், வாயுவும் இருக்கும் என்ற நம்பிக்கை. கசிவைப் பற்றி அந்த நம்பிக்கை சரி. பிளவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 2013 செப்டம்பரில் செலுத்தும்போதே நடுக்கங்கள் தொடங்கின. செப்டம்பர் நடுவில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு, அக்டோபர் தொடக்கத்தில்தான், 4-ஐத் தாண்டியவை வந்தன. மறுபடியும் அதே பின்வரவு. திட்டத்தைக் கைவிட்டு, கட்டிய நிறுவனத்துக்கு ஸ்பெயின் அரசு 2014-இல் 135 கோடி யூரோ இழப்பீடு கொடுத்தது. கரையோர மக்களின் பயத்துக்கு யாரும் விலை போடவில்லை.

அதற்காக எல்லா எரிவாயுச் சேமிப்பையும் சேர்த்துத் திட்ட வேண்டாம். இத்தாலியின் போ சமவெளியில் பழைய வாயு வயல்களில் கோடையில் நிரப்பிக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். மேலேயுள்ள தரை ஆண்டுதோறும் சில மில்லிமீட்டர் ஏறி இறங்குவதை ரேடார் காட்டுகிறது. ஏறிய அளவுக்கே இறங்குகிறது என்பதுதான் அங்கே நல்ல சேதி. பாறை இன்னும் மீள்தன்மையோடு நடந்துகொள்கிறது.

கேள்வி: நீரை இறைத்ததால் இறங்கிய நிலத்தில் மறுபடி நீரைச் செலுத்தினால் பழைய மட்டத்துக்கு வருமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பெரும்பாலும் வராது. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில், வில்மிங்டன் எண்ணெய் வயலின் மேலே, எண்ணெயை எடுத்ததால் தரை 9 மீட்டர் வரை இறங்கியது. துறைமுகத்தைக் கடல் விழுங்காமல் இருக்கக் கரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1958 முதல் பெருமளவில் நீரைச் செலுத்தியபோது இறங்குவது நின்றது. ஆனால் மீண்டது சில இடங்களில் ஓர் அடி அளவுக்கே. சுமை கூடும்போது துகள்கள் நொறுங்கி, இடம் மாறி, நெருங்கி அடைந்துவிட்டால் அந்த இடைவெளி திரும்பாது. களிமண்ணில் இன்னும் மோசம்.

சில பாறைகளில் நீரே எதிரி. வட கடலின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் கடலடித் தரை இறங்கியதால் 1987-இல் மேடைகளைத் தாங்கும் கால்களை வெட்டி 6 மீட்டர் உயர்த்தினார்கள். கடல்நீரைச் செலுத்தினால் இறக்கம் நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அங்கே இருந்தது சுண்ணப்பாறை. கடல்நீர் பட்டதும் அது வலுவிழந்தது. துளை அழுத்தம் ஏறியும் தரை இறங்கிக்கொண்டே போனது.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டைமாடி மழைநீரைப் பழைய போர்வெல்லில் விடுகிறோம். உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து என் மனைவி பயப்படுகிறார். வீட்டுச் சுவரில் வேறு ஒரு விரிசல் தெரிகிறது.
– வாசகர், கோவில்பட்டி

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்கலாம். உங்கள் கிணற்றுக்கு மேலே பம்பு வைத்து யாரும் அமுக்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, நீர் தன் எடையால்தான் இறங்குகிறது. கிணற்றில் நீர்மட்டம் 10 மீட்டர் ஏறினால்கூட அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான் கூடும். இன் சாலாவில் கூட்டியது நூறு. போர்வெல்லில் விடுவதற்கு முன் மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடி அழுக்கு நேராக நிலத்தடி நீருக்குப் போகக்கூடாது.

சுவர் விரிசலுக்குக் கரிசல் மண் போதும். மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண் அது. கோடையில் விரிசல் அகலமாகி மழைக்காலத்தில் சுருங்குகிறதா என்று பென்சிலால் இரண்டு பக்கமும் குறி போட்டு ஓராண்டு பாருங்கள். அப்படியானால் அஸ்திவாரத்தைப் பார்க்கத் தெரிந்த கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நிலவியலாளர் தேவையில்லை.